ஐஸ் பெட்டி அளவில் ஒரு பாட்டுப் பெட்டி

பந்தல் போட்டாயிற்று. வாழைமரம் கட்டியாயிற்று. அண்டாவில் சோறு வெந்து, வாழையிலை போட்டு மூடி வைத்தாயிற்று. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக நின்றன. முதல் வரிசையின் நிழலில் ஒரு நாய் சொந்த வீடு போலப் படுத்திருந்தது.

நான் கிடாரோடு உட்கார்ந்திருந்தேன். காலடியில் நீல நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் தயாளன். காது குத்திக்கொள்ள வேண்டிய ஐந்து வயது அஞ்சலி, பட்டுப் பாவாடையில், தாய்மாமன் மடியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். விருந்தாளி என்று ஒருவர்கூட வரவில்லை.

வெயில் பந்தலுக்குள் நுழைந்துவிட்டது. அஞ்சலியின் அப்பா சின்னசாமி பாதை முனை வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார்.

"மலை முச்சூடும் சொன்னேனே நர்ஸம்மா, ஒருத்தரும் வர்லியே" என்றார்.

எங்களுக்கும் புரியவில்லை. காரணம் என் காலடியில் இருந்த அந்த நீலப் பெட்டிதான் என்று தெரியவந்தபோது சிரிப்பதா அழுவதா என்று ஆகிவிட்டது.

நர்ஸுக்கு எதுக்குக் கிடார்

போன வாரம் இந்தப் பத்தியில், பலாப்பழங்களுக்கு நடுவே ஜீப்பில் ஊர் திரும்பிய கதையைச் சொல்லும்போது, கையில் கிடார் இருந்தது என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். கிராமத்து நர்ஸுக்குக் கிடார் எதற்கு என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். ஏன், நர்ஸுக்கு விரல் இல்லையா?

வேலூரில் நர்ஸிங் படித்தபோது என் அறைத்தோழி ஜெபக் கூட்டங்களில் கிடார் வாசிப்பாள். அவள் தூங்கும் நேரத்தில் நான் எடுத்துத் தட்டிப் பார்ப்பேன். ஒரு கட்டத்தில் தூங்க விடமாட்டேன் என்கிறாய், ஒழுங்காகவாவது கற்றுக்கொள் என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். படிப்பு முடிந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது கிடாரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அது என்னோடு, எனக்கு வேலை கிடைத்த புதூர்நாட்டுக்கு மலையேறி வந்தது.

என் வாசிப்பு சுமார்தான். பாட்டு என்றால் அது என் வீட்டுக்காரர். புதூர்நாட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆதார் அட்டையையும் சாதிச் சான்றிதழையும் நகலெடுத்துக்கொண்டே வாய்க்குள் பாடுவார். வீட்டில் வெங்காயம் உரிக்கும்போது கொஞ்சம் வாய்திறந்து பாடுவார். சின்னக் குரல். கூடத்தில் பாடினால் அடுப்படியில் கேட்காது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நகரத் தோன்றாது. நான் அவரைக் கட்டிக்கொண்டதற்கு அந்தக் குரல் பாதிக் காரணம். மீதிக் காரணம் இப்போது ஞாபகமில்லை.

அந்தக் குரலைத்தான் சந்தவாசலில் கொலை செய்தார்கள். அது என் பிறந்த ஊர். என் தங்கை கல்யாணத்தில் இவரைப் பாடச் சொன்னோம். ரேடியோ செட்டுக்காரர் இவருக்கு நல்லது செய்வதாக நினைத்து எக்கோவைத் திருகிவிட்டார். இவர் ஒரு வரி பாடினால் மூன்று வரி திரும்பி வந்தது. திரும்பி வந்த வரிகளுக்கு இவர் வழிவிட்டு நிற்க, பின்பாட்டு பாடுகிறவர் யாருங்க என்று மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தார்கள். இரண்டாவது சரணத்தில் மைக்கை வைத்துவிட்டுப் பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அதோடு சரி. விசேஷத்தில் பாட மாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு அவர் மேலும் கோபம், செட்டுக்காரர் மேலும் கோபம். நான் கேட்கிற அந்தக் குரலை, அது இருக்கிறபடியே, ஒரே ஒரு தடவையாவது நாலு பேர் கேட்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அது பெரிய ஆசை என்று எனக்குத் தெரியாது.

மடிதான் அளவுகோல்

சின்னசாமி எங்கள் பக்கத்து ஊர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். நான் தடுப்பூசி போடப் போவதெல்லாம் பெரும்பாலும் அவர் ஜீப்பில்தான். ஒருநாள் இவரும் கூட வந்தார். ஏற்றத்தில் ஜீப் நின்றுபோக, இஞ்சின் ஆறும் வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் இவர் மெதுவாகப் பாடினார். சின்னசாமி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கேட்டார். இஞ்சின் ஆறி வெகுநேரம் ஆகியும் வண்டியை எடுக்கவில்லை.

தன் மகள் காது குத்துக்கு இவர் பாடியே ஆக வேண்டும் என்று அன்றே பிடித்துக்கொண்டார். இவர் கழன்றுகொள்ளப் பார்த்தார். ரேடியோ செட் இருந்தால் பாட மாட்டேன் என்று ஒரு நிபந்தனை போட்டார். மலையில் செட் இல்லாமல் யார் விசேஷம் வைப்பார்கள், இதோடு விட்டுவிடுவார் என்று கணக்கு. சின்னசாமி அசரவில்லை.

"செட்டு வேணாம் சார். நீங்க பாடுனா போதும்" என்றார்.

இப்படி மாட்டிக்கொண்ட பிறகுதான் ஆம்ப் வாங்கப் புறப்பட்டோம். கிடாரின் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும் பெட்டிக்கு ஆம்ப் என்று பெயர். கையளவிலும் உண்டு, பீரோ அளவிலும் உண்டு. எனக்கு எந்த அளவு வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. தடுப்பூசி மருந்து கொண்டுபோகும் ஐஸ் பெட்டி அளவு.

எங்கள் ஜீப்பில் மேலே ஏற்றிய சாமான் மேல் புளி மூட்டை ஏறும், அதற்கு மேல் ஆள் ஏறுவார். உடையக்கூடிய எதையும் மடியில் வைத்துக்கொண்டால்தான் உண்டு. வருஷக்கணக்காக அந்த நீல ஐஸ் பெட்டியைச் சுமந்து என் மடிக்கு அதன் அளவு மனப்பாடம். அதைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருந்தாலும் பக்கத்து ஆளின் விலாவில் இடிக்கும்.

அளவு போக வேறு தேவைகளும் இருந்தன. சார்ஜ் போட்டால் சில மணி நேரமாவது ஓட வேண்டும், புளியமரத்தடியில் பிளக் பாயின்ட் கிடையாது. கிடாருக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை, இரண்டுக்கும் தனித்தனித் திருகு வேண்டும், இல்லாவிட்டால் என் வாசிப்பு அவர் குரலை மூடிவிடும். பழகும்போது காதில் மாட்டிக் கேட்க ஹெட்போன் துளையும் வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸ் சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை.

ரஃபீக் பாய் வைத்த பரீட்சை

வாணியம்பாடியில் ரஃபீக் பாய் இசைக்கருவிக் கடை வைத்திருக்கிறார். குடும்பமே தோல் வியாபாரம். எங்க அண்ணனுங்க தோலை வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க, நான் தோலை தபலாவுல மாட்டி இங்கியே விக்கிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

முதலில் ஒரு பெரிய ஆம்ப்பைக் காட்டினார். தேன் மாதிரிச் சத்தம். இரண்டு கையால் தூக்கிப் பார்த்தேன், சின்னசாமியின் ஜீப்பில் அதற்குத் தனி டிக்கெட் போட வேண்டியிருக்கும். அடுத்து வந்ததில் வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் மழை, ஒன்றை அழுத்தினால் இடி, இன்னொன்றில் என் பாவப்பட்ட கிடார் மரம் அறுக்கும் மிஷின் போலக் கத்தியது. இவருக்குச் சந்தவாசல் ஞாபகம் வந்து முகம் மாறிவிட்டது. அதை உடனே எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன்.

மூன்றாவதாக வந்தது நீலப் பெட்டி. மேலே கைப்பிடி, தோளில் மாட்ட வார். என் ஐஸ் பெட்டியின் கூடப் பிறந்தது மாதிரியே இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். இந்தப் பக்கம் இவரை நெருக்கி உட்காரச் சொன்னேன். ஜீப் என்றால் அந்தப் பக்கமும் ஆள் இருக்க வேண்டுமே. பாய் சங்கடமாக நெளிந்தார். பிறகு இரண்டு கீபோர்டு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து என் வலது பக்கம் அடுக்கி, இவங்கள ஆளுன்னு வெச்சிக்கோங்க சிஸ்டர் என்றார். யாருடைய விலாவிலும் இடிக்கவில்லை.

அவ்வளவு போதும் என்று நான் எழுந்தேன். பாய் விடவில்லை. வாலியூமைப் பாதியில் வைத்துக் கேட்டால் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான், முழுக்கத் திறந்து வைத்தும் குரல் கரகரக்காமல் வருகிறதா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது என்றார். முழுக்கத் திறந்தார். இவரைப் பாடச் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

பாடினார். நான் அதைக் கேட்கத் தெருவில் இறங்கி நின்றேன். பஸ் ஹாரன், ஆட்டோ எல்லாவற்றுக்கும் நடுவே அது வந்தது. வெங்காயம் உரிக்கும்போது வரும் அதே குரல், கொஞ்சமும் வீங்காமல், எக்கோ இல்லாமல். எதிரே செருப்புக்கடைக்காரர் பூட்ட எடுத்த சாவியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்ப் பர்ஸைத் திறந்தேன்.

பாய் மட்டும் கடைசியாக ஒன்று சொன்னார்.

"பந்தலுக்குள்ள இருக்கறவங்களுக்கு நல்லா கேக்கும் சிஸ்டர். பந்தலத் தாண்டி கேக்காது. அத மட்டும் தெரிஞ்சி வாங்குங்க."

எங்களுக்கு வேண்டியதே அதுதானே என்று சிரித்துக்கொண்டே வாங்கி வந்தோம். பந்தலைத் தாண்டி எதற்குக் கேட்க வேண்டும்?

செட் பாடாத வீடு

இதற்குப் பதில் சின்னசாமி வீட்டுப் பந்தலில்தான் கிடைத்தது. மூன்றாவது தடவையாகப் பாதை முனைக்குப் போய் நின்ற சின்னசாமி அங்கேயே தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் மலையில் விசேஷத்துக்கு நாள் சொல்வார்கள், நேரம் சொல்ல மாட்டார்கள். விசேஷ வீட்டு மரத்தின் உச்சியில் புனல் ஸ்பீக்கர் கட்டுவார்கள். காலையில் அது பாட ஆரம்பித்தால் எதிர் மலைவரைக்கும் கேட்கும். அது வரைக்கும் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். அப்போதோ புளி உலுக்கும் காலம், ஊரே மரத்தடியில். செட் சத்தம் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு, துணி மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள். ஸ்பீக்கர் கட்டுவது பாட்டுக் கேட்பதற்கு என்று நான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அது வாங்க என்று கூப்பிடுகிற சத்தம்.

"செட்டு பாடலேன்னா இன்னா நினைப்பாங்க நர்ஸம்மா? எதோ சாவு கீவு ஆயிப்போச்சு, தள்ளி வெச்சிட்டாங்கன்னு நினைப்பாங்க" என்றார் சின்னசாமி.

போன் செய்யலாம் என்றால் டவர் கிடைப்பது ஒரு வளைவில் மட்டும். கிடைத்தாலும் புளியமரத்தில் ஏறியவர் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் ஏறியிருப்பார். காது குத்த வந்த ஆசாரிக்கு அடுத்து திருப்பத்தூரில் வேலை, அவர் பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் இல்லாமல் குத்திவிடலாம்தான். ஆனால் ஊர் சேராமல் மகளுக்குக் காது குத்தியவன் என்ற பேச்சு சின்னசாமியின் காலத்துக்கும் போகாது. இவர் பாட வேண்டும் என்பதற்காக அந்த மனிதர் செட்டை விட்டுக் கொடுத்தார். இவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

எனக்குக் கலக்கம் வந்தால் கூடவே ஆத்திரமும் வரும். பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். இவரும் மைக்கையும் கிடாரையும் எடுத்துக்கொண்டு ஏறினார்.

"அவங்க வரலேன்னா நாம போவோம். வண்டிய எடுங்கண்ணா" என்றேன்.

ஊசி வந்துடுச்சு

முதல் ஊரில் வண்டி நின்றதும் மைக்கைப் பிடித்தேன். எல்லாரும் கிளம்பி வாங்க என்று நான் ஆரம்பித்த உடனே, ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். ஜீப்பில் நர்ஸம்மா. மடியில் நீலப் பெட்டி. அடுத்த நிமிஷம் ஒரு பிள்ளையைக் காணோம். சிலது புளியமரத்தில் ஏறிக்கொண்டன, சிலது வீட்டுக்குப் பின்னால் பாய்ந்தன. ஒருத்தி கைக்குழந்தையோடும் தடுப்பூசி அட்டையோடும் ஓடி வந்தாள்.

"போன வாரந்தான போட்டீங்க, திரும்ப இன்னாத்துக்கு?" என்று கேட்டாள்.

இது ஊசி இல்லை, காது குத்து என்றேன். காது குத்துவதும் நீங்கதானா என்றாள். இரண்டு பேர் அப்போதும் நம்பாமல் பெட்டியையே பார்த்தார்கள். மடிக்கு ஏற்றதாகப் பார்த்துப் பார்த்து வாங்கினேனே, நிறத்தையும் கொஞ்சம் பார்த்திருக்கக் கூடாதா? மலை முழுக்க என் குரலுக்கும் அந்த நீலத்துக்கும் ஒரே அர்த்தம்தான். நான் கூப்பிடக் கூப்பிட, வர இருந்தவர்களும் வீட்டுக்குள் போனார்கள்.

மைக்கை இவர் பக்கம் நீட்டினேன். இவர் வாங்கவில்லை. பந்தலுக்குள் பாடுவதாகத்தான் பேச்சு, இப்படித் தெருவில் ஓட்டுக் கேட்கிற மாதிரி பாட முடியாது என்றார். பிறகு சின்னசாமியைப் பார்த்தார். அவர் இஞ்சினை அணைத்தார். ஏற்றத்தில் ஜீப் நின்ற அன்று சாய்த்தது போலவே தலையை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டார்.

இவர் மைக்கை வாங்கினார். பாட்டெல்லாம் யோசிக்க நேரமில்லை. வாய்க்கு வந்ததைத் தாலாட்டு மெட்டில் எடுத்துவிட்டார்.

*மாமன் மடியிருக்கு, மஞ்சப் பூசி பொண்ணிருக்கு,*
*சோறு வெந்திருக்கு, சொந்தத்துக்குக் காத்திருக்கு.*

நான் பெட்டியைக் காலடியில் இறக்கிவிட்டு, கிடாரில் இரண்டே இரண்டு விரல்பிடிகளை மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. ஜீப் அடங்கிவிட்டதால் ஊரே அமைதி. அந்தச் சின்னக் குரல் கடைசி வீடு வரைக்கும் தெளிவாகப் போனது. முதலில் கதவுகள் திறந்தன. பிறகு புளியமரத்தில் கிளைகள் அசைந்தன. மேலே இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கி, பெட்டிக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, அதற்குள் ஐஸ் இல்லை என்று நிச்சயமான பிறகு கிட்டே வந்தன.

பாட்டு முடிந்ததும் கிளம்பலாம் என்றால் ஜீப் கிளம்பவில்லை. அணைத்தால் தள்ளினால்தான் கிளம்பும் ஜாதி அது. கேட்க வந்தவர்களே தள்ளினார்கள். தள்ளியவர்கள் அப்படியே துணி மாற்றிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். அடுத்த ஊரிலும் அணைத்தோம், பாடினோம், தள்ளினார்கள். அதற்கடுத்த ஊரில் ஜீப்புக்கு முன்னும் பின்னும் கூட்டம். நாங்கள் திரும்பி வந்தபோது முதல் வரிசை நிழலிலிருந்து நாய் எழுந்து போக வேண்டியதாயிற்று. ஆசாரி பையைத் திறந்தார். சின்னசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வியர்வை என்று சொன்னார்.

இதில் ஒரு வேடிக்கை. பந்தலுக்குள் இவர் பாடினாரே, அதை யாரும் கேட்கவில்லை. இலை போடும் சத்தம், பேச்சு, சிரிப்பு, அஞ்சலியின் அலறல். ஆனால் இவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே எதிர் மலைக்காரர் ஒருவர் வந்தார்.

"எங்க வூட்லயும் அடுத்த மாசம் விசேஷம் சார். பந்தல்ல பாடாட்டி போவுது. ஜீப்புல வந்து கூப்புடணும்" என்றார்.

மடியில் இரண்டு பெட்டி

இப்போதெல்லாம் அப்படித்தான் நடக்கிறது. மரத்து உச்சியில் செட் பாடுவதும் உண்டு, எங்கள் ஜீப் போவதும் உண்டு. விசேஷத்தில் பாட மாட்டேன் என்று சொன்னவர், யாராவது கூப்பிட்டால் கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு எனக்கு முன்னால் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

போன மாதம் தடுப்பூசி முகாமுக்கும் கூட வந்தார். என் மடியில் ஐஸ் பெட்டி, இவர் மடியில் பாட்டுப் பெட்டி, இரண்டும் நீலம். பிள்ளைகள் மரத்தடியில் கூடி நின்று எந்தப் பெட்டி எது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார்கள். இவர் பாட ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டார்கள். நான் பின்னால் மெதுவாக என் பெட்டியைத் திறந்தேன்.

வரிசையில் முதலாவதாக அஞ்சலி. புதுக் கம்மல் ஆடியது. அஞ்சு வயசுக்கான ஊசி. அவளுக்குத் தெரிந்துவிட்டது, உதடு பிதுங்கியது. ஆனாலும் சட்டைக் கையைத் தானே மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள். பாட்டை நிறுத்திவிட்டு அவளைச் சமாதானம் செய்ய இவர் குனிந்தார். அவள் இவர் கையிலிருந்த மைக்கை இவர் வாய்க்கு நேராகத் தள்ளினாள்.

"நீ நிறுத்தாத மாமா. ஊசி போட்டு முடியற வரிக்கும் பாடு."